தாய்மாமனை நீக்கவா?

எங்கள் காரின் நடுவில் பள்ளிக்கூடத்துச் சிலேட்டு அளவில் ஒரு திரை இருக்கிறது. காரை எடுக்கப் போன அன்று ஷோரூமில் இருந்த பெண் எஞ்சினைப் பற்றி இரண்டே வாக்கியம் பேசினார். மீதி முக்கால் மணி நேரமும் திரையைப் பற்றித்தான். ஃபோனை ப்ளூடூத்தில் சேர்த்துவிட்டால் பாட்டு வரும், பேச்சு வரும், வழி வரும் என்று ஒவ்வொன்றாகத் தொட்டுத் தொட்டுக் காட்டினார். "பிரேக்கு நல்லா பிடிக்குமாம்மா?" என்று என் அப்பா குறுக்கே கேட்டார். "பிடிக்கும் சார்" என்று சொல்லிவிட்டு அந்தப் பெண் மறுபடியும் திரைக்கே போய்விட்டார்.

ஒன்றை மட்டும் அவர் சொல்லவில்லை. அந்தத் திரையில் ஐந்து ஃபோன்கள்தான் சேரும். ஆறாவதைச் சேர்க்க வேண்டுமென்றால் இருக்கிற ஐந்தில் ஒன்றை எடுத்தாக வேண்டும். வேறு ஊரில் இது ஒரு சாதாரணத் தகவலாக இருக்கலாம். எங்கள் ஊரில் இதைக் காரை விற்பதற்கு முன்பே எழுதிக் கையெழுத்து வாங்கியிருக்க வேண்டும்.

எங்கள் பக்கத்தில் பெயர்ப் பட்டியல் என்றால் விளையாட்டில்லை. கல்யாணப் பத்திரிகையில் பெயர் விட்டுப்போனதற்காகப் பத்து வருடம் பேசாமல் இருக்கும் அண்ணன் தம்பிகளை எனக்குத் தெரியும். மஞ்சள் நீராட்டு பேனரில் தன் படம் கட்டைவிரல் அளவுக்குப் போய்விட்டது என்று பந்தியிலிருந்து பாதியில் எழுந்து போன பெரியவர் ஒருவர் எங்கள் சொந்தத்திலேயே இருக்கிறார். அவர் எழுந்தது பாயசம் வந்த பிறகுதான் என்பது வேறு விஷயம்.

ஆகவே கார் வீட்டுக்கு வந்து, எலுமிச்சம்பழத்தின் மேல் ஏறி இறங்கிய மறு நிமிடமே, ஃபோன் சேர்க்கும் சடங்கு தொடங்கிவிட்டது. முதலில் என்னுடையது. அடுத்து என் மனைவியுடையது. மூன்றாவது அப்பாவுடையது. பேசுவது எதிராளிக்கு எப்படியும் கேட்க வேண்டும் என்று ஃபோனில் கத்திப் பேசும் அவருக்கு, காரின் நான்கு ஸ்பீக்கரும் கூடுதல் பலம். நான்காவது, சென்னையில் இருக்கும் என் அண்ணனுடையது. பொங்கலுக்கும் தீபாவளிக்கும் வருகிறவர். ஆனாலும் கூட்டுப் பட்டாவில் பெயர் ஏற்றுவது போல நின்று பார்த்து ஏற்றிவிட்டுத்தான் போனார். ஐந்தாவது என் மச்சானுடையது.

மச்சான் என் மனைவியின் ஒரே தம்பி. கோலியனூரில் சொந்த நிலத்தில், மல்லாட்டை என்று நாங்கள் சொல்லும் நிலக்கடலையும் கரும்பும் போடுகிறவர். கார் வாங்கியதைக் கேள்விப்பட்டு, விழுப்புரத்தில் ஒரு செல்ஃபோன் கடையில் உட்கார்ந்து ஒரு பென்டிரைவ் நிறையப் பாட்டு ஏற்றிக்கொண்டு, வெற்றிலை பாக்கோடு தட்டில் வைத்துக் கொடுத்தார். என் மகள் பிறந்த அன்று அவர் செய்த முதல் காரியம், தன் ஃபோனுக்குப் பெயர் மாற்றியது. அதுவரை கம்பெனி கொடுத்த ஏதோ எண்ணாக இருந்ததைத் 'தாய்மாமன்' என்று ஆக்கினார். அவர் காரில் ஏறிக் கதவைச் சாத்தியதும், திரையில் அந்த வார்த்தை வரும். கூடவே ஒரு வெள்ளைக்காரப் பெண் குரல் அதைக் கடித்துத் துப்பி, "கனெக்டட்" என்று சொல்லும்.

"கேட்டியாக்கா? காரே சொல்லுது" என்பார் மச்சான், ஒவ்வொரு தடவையும்.

எனக்கு ஒவ்வொரு தடவையும் எரிச்சலாக இருக்கும். மறைப்பதற்கு ஒன்றுமில்லை. கார் என்னுடையது, ஆனால் அவர் ஏறியதும் என் ஃபோனைக் கைவிட்டுவிட்டு அவர் ஃபோனை ஓடிப்போய்ப் பிடித்துக்கொள்ளும். அடுத்த பத்து நிமிடத்தில் மல்லாட்டை பிடுங்குகிற ஆள் கூப்பிடுவார், டிராக்டர்காரர் கூப்பிடுவார். நாங்கள் எல்லோரும் உட்கார்ந்து கரும்பு வெட்டு எப்போது என்பதைக் கேட்டுக்கொண்டே போவோம்.

நான் திண்டிவனத்தில் குடியிருந்துகொண்டு விழுப்புரத்தில் ஓர் அரசு அலுவலகத்தில் உதவியாளராக வேலை பார்க்கிறேன். என் பிரிவின் சூப்பரண்டு எங்கள் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி இருக்கிறார். பல வருடம் ஒரே பேருந்தில் போயும் என்னை ஏறெடுத்துப் பார்க்காதவர், நான் கார் வாங்கிய வாரத்தில் என்னிடம் ஏகப்பட்ட நற்குணங்களைக் கண்டுபிடித்துவிட்டார். மறுநாள் காலையிலிருந்து முன் சீட்டு அவருடையது.

முதல் வாரம் மச்சானின் பென்டிரைவ் ஓடியது. அதில் ஒரு சிக்கல் இருந்தது. வண்டியை நிறுத்தி மறுபடி சாவி போட்டால், விட்ட இடத்திலிருந்து பாடாது. முதல் பாட்டிலிருந்தே தொடங்கும். முதல் பாட்டு, உடுக்கையும் பம்பையும் சேர்ந்து அதிரும் ஓர் அம்மன் பாட்டு. சூப்பரண்டு வீட்டு வாசலில் தினமும் காலை எட்டே காலுக்கு அந்த அம்மன் என் காரில் வந்து இறங்கினாள்.

"இன்னாய்யா இது, ஆபீசுக்குப் போறமா, தீ மிதிக்கப் போறமா?" என்றார் சூப்பரண்டு.

அவருக்கு வேண்டியது வேறு. அவர் ஃபோனில் ஒரு பேச்சாளர் இருந்தார். நேரம் தவறாமை, உழைப்பு, கடமை ஆகியவற்றைப் பற்றித் தினமும் பேசுகிறவர். அதைக் கேட்டுக்கொண்டே நாங்கள் தினமும் அரை மணி நேரம் தாமதமாக அலுவலகம் போய்ச் சேர வேண்டும் என்பது அவர் விருப்பம். முதல் நாள் ஒரு வயரைக் கொண்டுவந்து செருகினார். அது சார்ஜ் மட்டும் ஏற்றுகிற வயர். பாட்டும் பேச்சும் அதன் வழியாகப் போகாது. அடுத்த நாளும் அதே வயரைத் திருப்பிச் செருகிப் பார்த்தார். மூன்றாம் நாள், "ப்ளூடூத்துல போடுய்யா" என்று உத்தரவிட்டார்.

அப்போது விக்கிரவாண்டி டோல்கேட் வரிசையில் நின்றுகொண்டிருந்தோம். அவர் ஃபோனைச் சேர்க்கப் போனேன். பட்டியல் நிரம்பிவிட்டது, ஒரு சாதனத்தை நீக்கவும் என்றது திரை. வீட்டில் எல்லோருக்கும் புரியட்டும் என்று நான்தான் எழுத்தை மட்டும் தமிழுக்கு மாற்றி வைத்திருந்தேன்.

ஐந்து பெயரும் வரிசையாக நின்றன. மனைவியை நீக்குவது என்ற யோசனையே எனக்கு வரவில்லை. அந்த அளவுக்கு மூளை வேலை செய்தது. அப்பாவை எடுத்தால், சொத்தை எழுதி வைத்ததில் தொடங்கி நான் நாலாம் வகுப்பில் கணக்கில் தவறியது வரை வரும். அண்ணனை எடுத்தால் சென்னையிலிருந்து அண்ணி கூப்பிடுவார். மிச்சம் இருந்தது மச்சான். அவர் ஒன்றும் சொல்ல மாட்டார், எதையும் பொறுத்துக்கொள்வார், நல்ல மனுஷன் என்று நினைத்தேன். இளிச்சவாயன் தலையில் மிளகாய் அரைப்பதற்கு முன்னால், அரைக்கிறவர்கள் எல்லோரும் இப்படித்தான் அவனை மனதுக்குள் பாராட்டிக்கொள்கிறார்கள்.

தொட்டேன். 'தாய்மாமனை நீக்கவா?' என்று கேட்டது. கீழே 'ஆம்', 'இல்லை' என்று இரண்டு கட்டம்.

பின்னாலிருந்த லாரிக்காரர் ஹாரன் அடித்தார். "ஜல்தி பண்ணுய்யா, வழி வுட்டுட்டாங்க" என்றார் சூப்பரண்டு. 'ஆம்' என்பதை அமுக்கினேன். கொஞ்சம் சந்தோஷமாகவே அமுக்கினேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

சூப்பரண்டின் ஃபோன் சேர்ந்தது. அதன் பெயரில் அவருடைய பெயர், அதற்குப் பின்னால் எம்.ஏ. ஃபோனுக்குப் பட்டம் கொடுத்த ஆளை நான் அப்போதுதான் பார்த்தேன். வெள்ளைக்காரக் குரல் அந்த இரண்டு எழுத்தையும் தனித்தனியே உச்சரித்ததும், புதிதாக மாட்டிய பெயர்ப்பலகையைப் பார்ப்பதைப் போலத் திரையைப் பார்த்துக்கொண்டார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மச்சான் எங்கள் வீட்டுக்கு வந்தார். என் மகளுக்கு மூன்று வயது முடிந்திருந்தது. திருவக்கரை கோயிலில் காது குத்துவதாக ஏற்பாடு. எங்களில் தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் குழந்தைக்குக் காது குத்துவோம். அவருக்கு அது உரிமை, என் மனைவிக்கு அது பிறந்த வீட்டின் கௌரவம். அவளுக்கு இருப்பது ஒரே தம்பி. அதனால் துணி எடுக்க எல்லோரும் காரில் கிளம்பினோம். மச்சான் முன் சீட்டில் ஏறிக் கதவைச் சாத்தி, சிரித்த முகத்தோடு காத்திருந்தார். கார் என் ஃபோனின் பெயரைச் சொல்லிவிட்டு அடங்கிவிட்டது.

"இன்னா மாமா, காரு என்ன கண்டுக்க மாட்டேங்குது?"

அந்த நேரத்தில் உண்மையைச் சொல்லியிருந்தால் இரண்டு நிமிடத்தில் முடிந்திருக்கும். "அப்டேட்டு ஒண்ணு வந்துச்சி மச்சான். அதுவே தூக்கிட்ச்சி" என்றேன்.

"உங்க ஃபோனு இருக்குதே?"

"அத திருப்பிச் சேத்தேன்."

"அப்ப என்னுதையும் சேத்துடுங்க."

"இப்ப முடியாது மச்சான். கம்பெனிக்காரன் லாக் பண்ணிட்டான். இனிமே சர்வீஸ் சென்டர்லதான் போடணும்."

ஒரு பொய்க்கு முட்டுக்கொடுக்க இன்னும் இரண்டு பொய். மச்சான் அத்தனையையும் நம்பினார். "இவனுங்க யாரு மாமா, நம்ம காருல நம்ம பேர எடுக்கறதுக்கு?" என்று கேட்டார். அநியாயம்தான் என்று நானும் தலையை ஆட்டினேன். துணிக்கடை வரும் வரைக்கும் இரண்டு பேரும் சேர்ந்து அந்தக் கம்பெனியைத் திட்டிக்கொண்டே போனோம்.

அந்த வாரம் புதன்கிழமை, முதலாவது இலவச சர்வீஸுக்கு விழுப்புரத்தில் காரை விட்டுவிட்டு அலுவலகம் போனேன். சாயங்காலம் எடுக்கப் போனபோது, மேற்பார்வையாளர் ஒரு மாதிரியாகச் சிரித்தார்.

"காலையில உங்க மச்சான் வந்திருந்தாருங்க சார்."

"எங்க மச்சானா?"

"கோலியனூருன்னு சொன்னாரு. நம்ம பேர எவன் எடுத்தான்னு ஒரே சத்தம். மேனேஜர இட்டுக்கினு வாங்கன்னாரு. அப்புறம் நான்தான் உள்ள இட்டும்போயி ஸ்கிரீனப் போட்டுக் காட்டினேன். அப்டேட்டு எதுவும் வரலீங்க, யாராச்சும் கையால எடுத்தாதான் போவும்னு சொன்னேன். புதுசா சேந்த ஃபோனையும் காட்டினேன்."

"அதுக்கு இன்னா சொன்னாரு?"

"அந்த லிஸ்ட்டையே பாத்துக்கினு நின்னாரு. தண்ணி வாங்கிக் குடிச்சிட்டுக் கெளம்பிட்டாரு."

கார் சர்வீஸுக்கு வரும் நாளை என் மனைவிதான் பேச்சுவாக்கில் அவரிடம் சொல்லியிருக்கிறாள். மச்சான் வயலில் ஆட்களை மல்லாட்டை பிடுங்க விட்டுவிட்டு, எனக்காகச் சண்டை போடப் பைக்கை எடுத்துக்கொண்டு வந்திருக்கிறார். ஆள் இறக்கிய நாளில் வயலை விட்டு நகர்கிறவர் அல்ல அவர். நான் அங்கேயே நின்று மூன்று தடவை கூப்பிட்டேன். எடுக்கவில்லை. திண்டிவனம் போய்ச் சேர்வதற்குள் இன்னும் எட்டுத் தடவை.

வீட்டில் என் மனைவி வாசலிலேயே நின்றிருந்தாள். தம்பி அவளிடம் ஃபோனில் பேசிவிட்டார். அவர் சொன்னதை அப்படியே சொன்னாள். "நான் வரலக்கா. அந்த எம்.ஏ. மடியில உக்கார வெச்சி காது குத்திக்கோங்க."

எனக்குச் சிரிப்பு வந்தது. சிரித்தேன். அது அன்றைக்கு நான் செய்த தவறுகளில் மிகப் பெரியது.

"சிரிங்க" என்றாள். "எங்கப்பாம்மா போனதுக்கு அப்புறம் எனக்குன்னு பொறந்த ஊட்லருந்து வர்றதுக்கு அவன் ஒருத்தன்தான் இருக்கான். அவனும் வரலன்னா நான் இன்னா மூஞ்சிய வெச்சிக்கினு அந்தக் கோயில்ல நிப்பேன்? பட்டன அமுக்கினது நீங்க. நீங்களே போயி இட்டுக்கினு வாங்க."

இரண்டு நாள் கழித்துக் கோலியனூருக்குப் போனேன். அந்த இரண்டு நாளும் என் மனைவி என்னோடு பேசியது குழந்தை வழியாகத்தான். "அப்பாவ சாப்பிட வரச் சொல்லு" என்பாள், நான் எதிரிலேயே உட்கார்ந்திருப்பேன். வழியெல்லாம் மெமரி, சாஃப்ட்வேர், லிமிட் என்று தொழில்நுட்பமாக ஒரு விளக்கத்தைத் தயார் செய்துகொண்டே ஓட்டினேன். கேட்டால் எனக்கே என் மேல் பரிதாபம் வரும்படி அது அமைந்துவிட்டது.

மச்சான் தார்ப்பாயில் மல்லாட்டையைப் பரப்பிக் காய வைத்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்தார். "வாங்க மாமா" என்றார். நாற்காலி போட்டார். தண்ணீர் கொண்டுவந்தார், பிறகு மோர். கோபத்திலும் மரியாதையைக் குறைக்காத மனிதரிடம் மன்னிப்புக் கேட்பதைப் போலப் பேஜாரான வேலை வேறில்லை. கத்தியிருந்தால் நானும் பதிலுக்குக் கத்தித் தப்பித்திருப்பேன். மோரைக் குடித்து முடித்தபோது தயாரித்த விளக்கம் மொத்தமும் மறந்துவிட்டது.

"நான்தான் எடுத்தேன் மச்சான். சூப்பரண்டுக்காக எடுத்தேன். நீ கேக்கும்போது சொல்ல வெக்கமா இருந்துச்சி, பொய் சொல்லிட்டேன்" என்றேன்.

அவர் குனிந்து மல்லாட்டையைக் கையால் கிளறிவிட்டார்.

"எடுத்தீங்க, அது உங்க காரு. அதுக்கு நான் இன்னா சொல்லப் போறேன்? அந்தச் சர்வீஸ்காரரு சொன்னாரு மாமா, சார்தான் எடுத்திருப்பாருன்னு. எங்க மாமா பொய் சொல்ற ஆளு கெடையாது, ஸ்கிரீன ஒழுங்கா பாரு நீன்னு அவ்ளோ பேரு முன்னால அவர அரட்டினேன். அப்புறம்தான் அவரு திருப்பிக் காட்டினாரு."

என்னால் நாற்காலியில் உட்கார முடியவில்லை. எழுந்து, "வா மச்சான், இப்பவே சேத்துடலாம்" என்று காரைப் பார்த்து நடந்தேன். வேண்டாவெறுப்பாகப் பின்னால் வந்தார். திரையைப் போட்டேன். மறுபடியும் ஐந்து பெயர், கடைசியில் எம்.ஏ. நின்றார். என் விரல் எம்.ஏ.வுக்கு மேலே போய் நின்றது. அங்கேயே நின்றது. திங்கட்கிழமை காலை எட்டே கால் மணி என் கண் முன்னால் வந்தது. விரலை மேலே கொண்டுபோய், முதலில் இருந்த என் ஃபோனையே நீக்கினேன். என் காரில் என்னை நீக்கவா என்று கேட்டதற்கு 'ஆம்' என்று சொன்னேன்.

மச்சான் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்.

"அந்த எம்.ஏ. இன்னும் கீறாரு போல?"

"இருக்காரு மச்சான்."

"இருக்கட்டும். உங்க பொழப்பு" என்றார். பிறகு, "என் ஃபோனு உள்ள சார்ஜுல கீது. அப்புறம் பாத்துக்கலாம். கொழந்தைக்காக வர்றேன்னு அக்காகிட்ட சொல்லுங்க" என்றார். அவருடைய சட்டைப் பையில் ஃபோன் துருத்திக்கொண்டு நின்றது. நான் அதைப் பார்க்காதது போல வண்டியை எடுத்தேன்.

சொன்னபடி திருவக்கரைக்கு வந்தார். சீர்த் தட்டுகளோடு ஒரு மினி வேனில், ஆட்களோடு வந்தார். பட்டுப் பாவாடை, கொலுசு, பழம், இனிப்பு என்று எதிலும் குறை வைக்கவில்லை. தங்கத் தோட்டைத் தன் கையாலேயே எடுத்துக் கொடுத்தார். மடியில் உட்கார வைத்து இறுக்கிப் பிடித்துக்கொண்டதும் குழந்தை வீறிட்டது. அவர் கண்ணும் கலங்கியது. என் மனைவி தம்பி தோளைத் தொட்டுக்கொண்டே நின்றாள். என்னிடமும் இரண்டு வார்த்தை நேராகப் பேசினாள். காரியம் நல்லபடியாக முடிந்துவிட்டது என்று எனக்கு நிம்மதியாக இருந்தது. எதையும் சடங்கோடு முடிந்துவிட்டதாக நினைப்பது எனக்கு அலுவலகப் பழக்கம். கோப்பு மூடினால் பிரச்சினை தீர்ந்தது.

திரும்பும்போது குழந்தை மாமனை விடவில்லை. சட்டையைப் பிடித்துக்கொண்டு அழுதது. அதனால் அவர் வேனை அனுப்பிவிட்டு என் காரில் முன் சீட்டில் ஏறினார். கதவு சாத்தியது. குரல் என் மனைவியின் ஃபோன் பெயரைச் சொன்னது. மச்சான் வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். குழந்தை அவர் மார்பில் சாய்ந்து தூங்கிவிட்டது.

மயிலம் தாண்டி ஒரு புளியமரத்தடியில் வண்டியை ஓரங்கட்டினேன். ஐந்தாவது இடம் காலியாகவே இருந்தது. 'புதிய சாதனம்' என்பதைத் தொட்டேன். மச்சானின் ஃபோனில் ப்ளூடூத் எப்போதும் திறந்தே இருக்கும். திரை தேடியது. 'தாய்மாமன்' என்று வந்தது. தொட்டதும் ஆறு இலக்க எண் ஒன்று காட்டியது. அவர் வெள்ளைச் சட்டைப் பைக்குள் வெளிச்சம் வந்தது. மெல்லிய துணி வழியாக எனக்கும் தெரிந்தது. அதே எண் அவர் ஃபோனிலும் வந்திருக்கும். அந்தப் பக்கமும் சரி என்று ஒரு தடவை தொட வேண்டும். அவ்வளவுதான்.

"மச்சான், ஒரு ஓகே குடுத்துடு" என்றேன்.

அவர் பையைக் குனிந்து பார்த்தார். குழந்தையைச் சுற்றியிருந்த இரண்டு கையையும் இன்னும் கொஞ்சம் சேர்த்துக்கொண்டார்.

"கை காலியில்ல மாமா" என்றார்.

எண் திரையில் நின்றது. பின் சீட்டில், அவருக்கு நேர் பின்னால் என் மனைவி இருந்தாள். கையை நீட்டித் தம்பியின் பையிலிருந்து ஃபோனை எடுத்து ஒரு தொடு தொட்டிருக்கலாம். கண்ணாடியில் அவளைப் பார்த்தேன். அவளும் அந்த எண்ணைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். அது அணையும் வரை பார்த்துவிட்டு, ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.